வெறுங்கைகளின் வரலாறு

அம்மாவுக்கு முதல் கீமோ ஏறிய நாளில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது நர்ஸின் கைகளைத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. மணிக்கட்டு வரை மூடிய அங்கி. முகக்கவசம். சர்பத் நிறத்தில் இருந்த மருந்தை அவர் மெதுவாக ஏற்றினார். நோயாளிகள் அதைச் ‘சிவப்பு ஊசி’ என்றுதான் சொல்வார்கள். டாக்ஸோரூபிசின் என்பது மருந்தின் பெயர். அதன் பின்னால் சைக்ளோபாஸ்பமைடு என்று இன்னொன்று ஏறியது. எல்லாம் முடிந்ததும் ஊசிக்குழல், குழாய், கையுறை அனைத்தையும் தனியாக ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டு, சோப்புப் போட்டு நிதானமாகக் கை கழுவினார்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். இரவு பதினொரு மணிக்கு அம்மா வாந்தி எடுத்தாள். கழிப்பறைக்குப் போவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. மூத்திரம் சிவப்பாக இருந்ததைப் பார்த்து ரத்தம் போகிறதோ என்று பயந்துபோனோம். அண்ணி ஒரு பழைய துணியால் தரையைத் துடைத்தார். மறுநாள் காலை போர்வையையும் பாவாடையையும் பின்கட்டில் துவைகல்லில் போட்டு வெறுங்கையால் கசக்கிப் பிழிந்தார். அண்ணிக்கு அப்போது மூன்றாவது மாதம்.

மருத்துவமனை கொடுத்தனுப்பிய தாளில் எல்லாம் எழுதியிருந்தது. வெளிச்சாப்பாடு வேண்டாம், பச்சைக் காய்கறி வேண்டாம், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும், அடுத்த கீமோ 21 நாள் கழித்து. மூத்திரத்தைப் பற்றி, வாந்தியைப் பற்றி, துணி துவைப்பவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவது கீமோவின்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. “எதுக்கு சிஸ்டர் ரெண்டு கையுறை?”

“மருந்து மேல படக் கூடாதும்மா. படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

“அப்ப வீட்ல?”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “வீட்ல அம்மாவ யார் பார்த்துக்கிறாங்க?” என்று கேட்டார். அதுவரை எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நான் சொன்னேன். அடுத்ததாக, “வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா?” என்றார். அதற்கும் பதில் சொன்னேன். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசினார். அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் வீட்டுக்குத் தேவையான அத்தனையும் இருந்தது.

அந்த ஐந்து நிமிடம் ஏன் முதல் நாளே கிடைக்கவில்லை என்பதைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன். ஒரு நர்ஸின் கவனக்குறைவு, ஒரு மருத்துவமனையின் குறை என்று முதலில் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, யாருடைய வேலையை உலகம் வேலை என்று எண்ணுகிறது என்ற பழைய கேள்வியில் வந்து நின்றேன்.

நச்சாகப் பிறந்த மருந்து

கீமோ மருந்துகள் ஆபத்தானவை என்பது யாரும் பின்னால் கண்டுபிடித்த செய்தி அல்ல. முதல் கீமோ மருந்தே போர்க்களத்து விஷத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் வீசப்பட்ட கடுகு வாயு மனிதர்களின் தோலைக் கருக்கியதோடு, எலும்பு மஜ்ஜையையும் வெள்ளை அணுக்களையும் அழித்தது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் ஆகிய இரு மருந்தியலாளர்கள் அந்த வாயுவின் உறவுப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை அது வெளியே வரவில்லை. இதற்கிடையே 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் ரகசியமாகக் கொண்டுவரப்பட்டிருந்த கடுகு வாயுக் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயிருந்ததை ஸ்டீவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ மருத்துவர் பதிவு செய்தார்.

என் அம்மாவுக்கு ஏறிய சைக்ளோபாஸ்பமைடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1950களின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, என் அம்மாவின் உயிரையும் சேர்த்து. அதே மருந்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. இரண்டும் உண்மை. வேகமாகப் பிரியும் செல்லைக் கொல்வது மருந்தின் வேலை. நோயாளியின் உடலுக்குள் அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. மருந்து ஏற்றுகிறவருக்கும் துணி துவைக்கிறவருக்கும் அந்தக் காரணம் கிடையாது.

நர்ஸின் உடலில் கிடைத்த சாட்சி

1950களிலிருந்து ஏறக்குறைய முப்பதாண்டுகள் இந்த மருந்துகளை நர்ஸ்கள் வார்டு மேசையிலேயே கலந்தார்கள். பொடியில் நீர் விட்டுக் குலுக்கி, ஊசிக்குழலில் இழுத்து, காற்றுக் குமிழை வெளியே தள்ளி ஏற்றினார்கள். குமிழோடு மருந்தும் காற்றில் தெறித்தது. சில மருத்துவமனைகளில் காற்றை வடிகட்டி அனுப்பும் கூண்டுகள் வைத்திருந்தார்கள். அந்தக் கூண்டில் காற்று உள்ளிருந்து வெளியே, வேலை செய்பவரின் முகத்தை நோக்கி வீசும். மருந்தில் கிருமி சேராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மனிதரிடமிருந்து மருந்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள், மருந்திடமிருந்து மனிதரைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லை.

1979இல் பின்லாந்தின் ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். காய் ஃபால்க், மார்யா சோர்சா, ஹாரி வைனியோ முதலியோர் சேர்ந்து செய்த ஆய்வு. புற்றுநோய் வார்டு நர்ஸ்களின் சிறுநீரை எடுத்து, அது பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறதா என்று சோதித்தார்கள். இந்த மருந்துகளைத் தொடாதவர்களின் சிறுநீரைவிட நர்ஸ்களின் சிறுநீரில் அந்தத் தன்மை கூடுதலாக இருந்தது. மருந்து நோயாளிக்குத்தான் ஏறியது. அதன் தடம் நர்ஸின் உடம்பிலும் இருந்தது.

1985இல் இன்னொரு கட்டுரை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஷெர்ரி செலவனும் பின்லாந்து ஆய்வாளர்களும் அந்த நாட்டின் 17 மருத்துவமனைகளில் வேலை செய்த நர்ஸ்களின் கர்ப்பங்களைப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாண்டிருந்தவர்களிடம் கருக்கலைவு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான விகிதத்தில் தொடர்புபட்டிருந்தது. மூன்றாவது மாதத்தில் துவைகல்லில் நின்ற அண்ணி எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வரியைப் படித்தபோதுதான். அது 1985இல் அச்சான வரி.

இதன்பிறகு காட்சி மாறியது. 1986இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் இந்த மருந்துகளைக் கையாள்வதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. காற்று மேலிருந்து கீழாக வந்து, வடிகட்டியில் போய்ச் சேரும் புதிய கூண்டுகள் வந்தன. இரட்டைக் கையுறையும் அங்கியும் வந்தன. 2004இல் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் விரிவான எச்சரிக்கை ஏடு ஒன்றை வெளியிட்டு, ஆபத்தான மருந்துகளின் பட்டியலையும் சேர்த்தது. என் அம்மாவின் நர்ஸ் போட்டிருந்த இரண்டு கையுறைக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆய்வாளர்களின் பெயரைச் சொல்வார்கள். மூத்திரக் குப்பியைக் கொடுத்த நர்ஸ்களின் பெயர் எங்கும் இல்லை. கலைந்துபோன கர்ப்பங்கள் எண்களாக மட்டும் இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் எண்ணப்பட்டார்கள். அதற்குக் காரணம், அவர்கள் சம்பளம் வாங்கும் தொழிலாளிகள். எந்த வார்டில் எந்த மாதத்தில் யார் வேலை செய்தார் என்பதற்குப் பதிவு இருந்தது. அந்தப் பதிவையும் கர்ப்பத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. வீட்டில் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பணிப்பதிவேடு கிடையாது. அவள் எத்தனை வாந்தியைத் துடைத்தாள், எத்தனை போர்வையைத் துவைத்தாள் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததை எந்த ஆய்வும் எண்ண முடியாது.

வீட்டுக்கு வந்த வார்டு

கீமோ மருத்துவமனையில் தொடங்கி, மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. வீடு ஆரம்பத்திலிருந்தே இதில் இருந்தது.

ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தை வைத்துத்தான் 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்தார். அடுத்த பெரிய அடி கெர்ட்ரூட் எலியனுடையது. தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து வேதியியல் படிக்க வந்தவர். பெண் என்பதால் ஆய்வக வேலை கிடைக்காமல் அலைந்து, பள்ளியில் பாடம் நடத்தி, உணவுத் தரச் சோதனை செய்து, 1944இல்தான் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் சேர முடிந்தது. முனைவர் பட்டம் முடிக்காமலேயே 1988இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். அவரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்கேப்டோபியூரின் 1953இல் பயன்பாட்டுக்கு வந்தது.

அது மாத்திரை. ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தை மாதக்கணக்கில், இன்றைய முறைப்படி ஆண்டுக்கணக்கில், தினமும் வீட்டில் சாப்பிட வேண்டியது. அப்படியென்றால் எழுபது ஆண்டுகளாக உலகெங்கும் தாய்மார் கீமோ மருந்தைத் தம் கையால் கொடுத்துவருகிறார்கள். அம்மாவோடு நான் காத்திருந்த கூடத்தில் ஒரு பெண், நான்கு வயது மகனுக்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து பிளேடால் பாதியாக வெட்டி, மிச்சத்தைக் கரண்டியின் பின்புறத்தால் நுணுக்கி, தேனில் குழைத்து ஊட்டினார். விரலில் ஒட்டியிருந்ததையும் பிள்ளையின் வாயிலேயே தடவினார். வீணாகக் கூடாது என்பது அவர் கவலை. மருந்துப் பொடியைத் தொடக் கூடாது, மூச்சில் இழுக்கக் கூடாது என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், மாத்திரையை விழுங்க முடியாத பிள்ளைக்கு வேறு வழி என்ன என்றும் அவர்களே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

1998 முதல் கேப்பசிடபைன், டெமோசோலமைடு, இமாடினிப் என்று மாத்திரைகள் அடுத்தடுத்து வந்தன. ஊசியாக ஏறும் மருந்துகளும் ‘டே கேர்’ முறைக்கு மாறின. காலையில் போய் மாலையில் திரும்பலாம். நோயாளிக்கு இது நல்லது. படுக்கை மிச்சமாவதால் மருத்துவமனைக்கும் நல்லது. ஆனால் ஏறிய மருந்தில் ஒரு பகுதி மூத்திரத்திலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேற இரண்டு நாள் ஆகும், சில மருந்துகளுக்கு அதற்கு மேலும் ஆகும். முன்பு அந்த இரண்டு நாளும் வார்டில் கழிந்தது. இப்போது வீட்டில் கழிகிறது. மருத்துவமனையில் கையுறை போட்டு, பை கட்டி, கூலி வாங்கிச் செய்த வேலை, டிஸ்சார்ஜ் தாளோடு சேர்ந்து வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது. கையுறை மட்டும் வரவில்லை.

அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் புற்றுநோய் நர்ஸ்கள் சங்கமும் சேர்ந்து 2009இல் கீமோவுக்கான பாதுகாப்புத் தரங்களை வெளியிட்டன. மாத்திரையாகச் சாப்பிடும் கீமோவுக்கும் நோயாளிக் கல்விக்கும் அதில் முழுமையான இடம் கிடைத்தது 2013இல்தான். அதே 2013இல் ஜப்பானிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களோடு வாழும் குடும்பத்தாரின் சிறுநீரில் சைக்ளோபாஸ்பமைடு இருந்தது. அதனால் அவர்களுக்கு நோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அளவு மிகக் குறைவு. மருந்து அவர்கள் உடம்புக்குள் வந்தது என்பதைத்தான் அது காட்டியது. நர்ஸ்களிடம் 1979இல் தேடியதை, குடும்பத்தாரிடம் தேட இன்னொரு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு பெண்கள் இயக்கத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் பிரியவில்லை. தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டமன்றத்தில் நின்ற அதே கைகள்தான் இந்த மருத்துவமனைக்கு உண்டியல் ஏந்தின. நோயாளியான பெண்ணைப் பற்றியும், மருத்துவரான பெண்ணைப் பற்றியும் நம் இயக்கம் அப்போதே யோசித்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காகச் செய்யும் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். எங்கள் வீட்டில் அண்ணன் கெட்டவன் அல்ல. லீவு போட்டு ஒவ்வொரு கீமோவுக்கும் வந்தான். டாக்டர் அறைக்குள் அவன்தான் போனான். டாக்டரும் அவனைப் பார்த்துத்தான் பேசினார். காப்பீட்டு அட்டை, ரத்தப் பரிசோதனை, அடுத்த தேதி எல்லாம் அவன் கையில். துணி துவைப்பவர் வீட்டில் இருந்தார். சொல்கிறவர் ஒருவரிடம் சொல்ல, செய்கிறவர் இன்னொருவராக இருந்தார். மருத்துவமனை ஒருவேளை முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாலும், அது அண்ணியின் காதுக்கு எத்தனை பங்கு வந்திருக்கும் என்று தெரியவில்லை.

வீட்டைத் தாண்டியும் கைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், செல்நச்சு மருந்துக் கழிவை மஞ்சள் நிறத்தில் தனியாகக் குறியிட்டுப் பிரிக்கச் சொல்கின்றன. அது மருத்துவமனைக்கு. வீட்டில் அதே மருந்து கலந்த டயப்பர் தெருக்குப்பையில் போகிறது. அதைப் பிரித்தெடுப்பவர் தூய்மைப் பணியாளர். நோயாளி வீட்டுப் பாத்திரத்தையும் துணியையும் கழுவுவது பல வீடுகளில் வீட்டுவேலைக்கு வரும் பெண். தீட்டுத்துணியையும் நோய்த்துணியையும் வெளுக்கும் வேலையைச் சில சாதிகளின் தலையில், அதிலும் பெண்களின் தலையில் கட்டிய ஊர் இது. அந்தக் கைகளுக்கு என்ன ஆகும் என்று ஊர் எப்போதும் கேட்டதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கையுறை கொடுத்துவிட்டு, வேலைக்கு வரும் பெண்ணிடம் வெறுமனே வாளியை நீட்டினால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

பாதுகாப்பும் தீட்டும்

இதையெல்லாம் சொன்னால் ஒரு பயம் வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே வந்தது. நர்ஸ் சொன்னதை வீட்டில் சொன்ன அன்றைக்கே ஒரு பெரியம்மா, அம்மாவுக்குத் தனித் தட்டும் தனி அறையும் வேண்டும் என்று தொடங்கினார். மார்பு எடுத்த பெண், முடி உதிர்ந்த பெண், தொற்று நோய்க்காரியைப்போல ஒதுங்கி உட்கார வேண்டிய நிலை வந்திருக்கும். புற்றுநோய் தொற்றாது. கட்டிப்பிடித்தால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், ஒரே கட்டிலில் படுத்தால் எதுவும் ஆகாது. ஆபத்து அம்மாவிடம் இல்லை. மருந்தில் இருக்கிறது. அதற்கு இடமும் உண்டு, கெடுவும் உண்டு: உடலிலிருந்து வெளியேறும் நீர்மங்கள், ஏறக்குறைய 48 மணி நேரம். தீட்டுக்கு இப்படி எல்லை கிடையாது. அது ஆளைக் குறிக்கும். பாதுகாப்பு வேலையைக் குறிக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எச்சரிக்கையை மட்டும் சொன்னால், ஒரு பெண்ணைக் காப்பாற்றப்போய் இன்னொரு பெண்ணை ஒதுக்கிவைப்போம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கர்ப்பம், கரு என்று மட்டுமே பேசினால் பெண்ணின் உடல் கருப்பையாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், ஈயம் கருவைப் பாதிக்கும் என்று சொல்லி, பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களையெல்லாம் அந்த வேலையிலிருந்தே விலக்கியது. ஈயம் ஆண்களையும் பாதிக்கும். 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையைச் செல்லாது என்றது. கீமோ மருந்துக்கும் இது பொருந்தும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் விலகியிருக்க வேண்டும் என்பது சரி. அவர் விலகும்போது வேலை மாமியாருக்கோ நாத்தனாருக்கோ வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தால் என்ன பயன்? கையுறை எல்லாக் கைக்கும் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றாவது கீமோவிலிருந்து துணி துவைத்தது அண்ணன்தான். கர்ப்பம் என்பதால் கிடைத்த விடுதலை அது. கர்ப்பம் இல்லாவிட்டாலும் அவன் துவைத்திருக்க வேண்டும் என்பதை அண்ணி அப்போதே சொன்னார்.

அந்த நர்ஸ் ஐந்து நிமிடத்தில் சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். கீமோ ஏறியதிலிருந்து இரண்டு நாள், மருத்துவர் கூடுதலாகச் சொன்னால் அதுவரை, மூத்திரம், மலம், வாந்தி, அவை பட்ட துணி எதையும் வெறுங்கையால் தொட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறை மருந்துக்கடையில் கிடைக்கும். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கை கழுவ வேண்டும், கைச்சுத்தத் திரவம் இதற்குப் போதாது. மூடியுள்ள கழிப்பறையானால் மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் இறக்க வேண்டும். நம் ஊர்க் கழிப்பறையானால் தெறிக்காமல் தாழ்வாகப் பிடித்து நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆண் நோயாளியும் உட்கார்ந்தே மூத்திரம் போவது நல்லது. வாந்திக்கென்று ஒரு தொட்டி தனியாக இருக்கட்டும். நனைந்த துணியை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக, இரண்டு முறை துவைக்க வேண்டும். உடனே துவைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கலாம். மாத்திரையானால் உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. மூடியில் கொட்டி அப்படியே நோயாளியின் கைக்கோ வாய்க்கோ போகட்டும். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுக்கக் கேட்க வேண்டும். உடலுறவில் ஆணுறை வேண்டும். இதைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள் என்பதால், கேட்காமலேயே சொல்ல வேண்டியது இது.

படித்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. பச்சைக் காய்கறி வேண்டாம் என்று அச்சடிக்கும் அதே தாளின் பின்பக்கம் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களும் நோய்த்தணிப்பு நர்ஸ்களும் இருக்கிறார்கள். வீட்டின் பின்கட்டையும் கழிப்பறையையும் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, பைநிறையக் கையுறையும் கொடுத்தனுப்பலாம். கையுறையைக் கொடுக்காமல் அறிவுரையை மட்டும் கொடுத்தால், ஏழைப் பெண்ணுக்குக் கடமை ஒன்று கூடியதாகத்தான் ஆகும். எல்லாவற்றுக்கும் முன்பாக டாக்டர் அறையில் ஒரு கேள்வி வர வேண்டும்: இவரை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்? அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். அண்ணிக்குப் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதனால் எங்களுக்குச் சொல்லாமல் விட்டது சரியாகிவிடாது. அந்த ஆறு மாதமும் அண்ணி ராத்திரியில் தூங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு கீமோவில் துவைத்த துணிகளை அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “தெரிஞ்சிருந்தா கையில ஒரு கவராவது மாட்டியிருப்பேனே” என்றார் ஒரு நாள். அண்ணியின் வேலைக்கு இருக்கும் ஒரே பதிவேடு அந்த விரல்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.